இரண்டு பிணையாளிகள்

மருதானைக் கிளையில்
மூன்றாவது மேசை என்னுடையது.
கடன் கேட்டு வருகிறவர்கள்
என் முகத்தைப் பார்ப்பதில்லை,
பேனா எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார்கள்.

நூருல் ஐனா வந்த அன்று மின்வெட்டு.
பையிலிருந்து ஒரு ஃபேன் மோட்டாரை எடுத்து
விண்ணப்பத்தின் மேலேயே வைத்தாள்.
கருகிய சுருள்; கடதாசியில் எண்ணெய் வட்டம்.
"புதுசு வாங்க யாரிட்டயும் காசில்ல சேர்,
கொழும்பு முழுக்க ஃபேன் எரிஞ்சு கிடக்கு.
நான் திரும்பச் சுத்திக் குடுப்பன்.
ஒரு மெசின், பத்துக் கிலோ செப்புக் கம்பி,
அவ்வளவுதான்."
கரண்டே இல்லாத நாளில் ஃபேனுக்குக் கடனா என்று
மெனேஜர் உள்ளறையிலிருந்து சிரித்தார்.

படிவம் கேட்டது.
முன் அனுபவம்:
மச்சானின் கடையில் மூன்று வருடம், சம்பளமில்லை.
அசையாச் சொத்து:
மாளிகாவத்தைத் தொடர்மாடியில் ஒரு ஜன்னல், அதுவும் வாடகை.
பிணையாளிகள் இருவர்,
நிரந்தர அரச ஊழியராய் இருத்தல் வேண்டும்.

இருபது வருடமாக வாசித்துக் காட்டுகிற வரி.
அன்றுதான் என் காதிலேயே விழுந்தது.
கடலில் இறங்குகிறவளுக்கு
கால் நனையாத இரண்டு பேர் சாட்சி.

நானும் நனையாதவன்தான்.
நியமனக் கடிதம் வந்த நாள்
வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கேக் கொடுத்தார்கள்.
தம்பி டீசேர்ட் அச்சடிக்கும் கடை போட்டான், தோற்றான்.
ஒரே ஒரு முறை.
அதன்பிறகு கலியாண வீடுகளில்
அவன் பெயருக்கு முன்னால் அந்தக் கடைதான் நடந்து வரும்.
இப்போது தோஹாவில்
யாரோ ஒருவருடைய கடைக்குக் கணக்கெழுதுகிறான்.

நிராகரித்தேன்.
முத்திரையில் மை காய்ந்திருந்தது,
இரண்டு தரம் குத்த வேண்டி வந்தது.

மிச்சக் கதை எங்களுக்குத் தேநீர் ஊற்றுகிற பொலின் சொன்னது.
அதே தொடர்மாடி, நான்காம் மாடி.
பதினாலு பெண்கள் அங்கே சீட்டுப் பிடிக்கிறார்கள்,
சிங்களம், தமிழ், மலாய்,
மூன்றிலும் சண்டை.
முதல் சீட்டு மல்காந்திக்கு விழுந்தது, பல் கட்ட வைத்திருந்த காசு.
"சூப் குடிச்சா போச்சு" என்று ஐனாவிடம் கொடுத்துவிட்டாள்.

முதல் தவணை இருபத்திரண்டு ஃபேன்.
ஐப்பசி மழை. வார்னிஷ் காயவில்லை.
ஒரு கிழமைக்குள் பத்தொன்பது புகைந்தன,
பத்தொன்பது பேரும் படியேறி வந்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று
ஒருவரும் சொல்லவில்லை என்றால் அது பொய்.
பொலினே சொன்னாளாம்.
சொல்லிவிட்டு
அடுத்த மாதம் தன் முறையையும் கொடுத்தாளாம்.

இதை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

கழுத்தில் அட்டை தொங்க
நானும் போயிருக்கிறேன் தொழில்முனைவோர் மாநாட்டுக்கு.
காலிமுகத்திடல் பக்கம், குளிரூட்டிய மண்டபம்,
துணிவு, துணிவு என்று எட்டுத் தடவை சொன்னார்கள்,
எண்ணிக்கொண்டிருந்தேன்.
துணிவா இந்த ஊரில் இல்லை?
அது முதலாம் குறுக்குத்தெருவில்
தலையில் பெட்டியோடு ஓடுகிறது, "வழி, வழி" என்றபடி.
விழுந்தவள் மறுநாள் படியிறங்கும்போது
பேச்சை நிறுத்திப் பார்க்காமல்
கொஞ்சம் ஒதுங்கி நிற்கிற அயல்தான் குறைவு.
என் தம்பிக்கு அது கிடைக்கவில்லை.
ஒதுங்காமல் நின்றவர்களில்
நானும் ஒருவன்.

மாசியில் என் வீட்டு ஃபேன் எரிந்தது.
தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறினேன்.
அவளுக்கு என்னை நினைவிருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.
இப்போது இரண்டு மெசின்.
மல்காந்தியின் மகள் சுருள் எண்ணிக்கொண்டிருந்தாள்;
இடையில் பேசினால் பிழைக்கும் என்று
எனக்குக் கையைக் காட்டினாள்.

ஆயிரத்து எண்ணூறு ரூபா.
கொப்பியில் ஒரு துண்டு கிழித்து எழுதித் தந்தாள்:
ஆறு மாதம் உத்தரவாதம். எரிந்தால் என் செலவு.
கீழே கையொப்பம்.
ஒன்றே ஒன்று.

பஸ்ஸில் ஃபேனை மடியில் வைத்தபடி வந்தேன்.
அந்தத் துண்டு சட்டைப்பையில்,
பேனாவுக்குப் பக்கத்தில்.